மாடிப்படி வெளிச்சம்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு வியாதிகள். ஒன்று நுரையீரலில் இருந்தது. பிம்ப்ரியில் இரும்பு உருக்குகிற பட்டறையில் வேலை பார்த்து, தூசியைத் தின்று தின்று வந்தது. இன்னொன்று கையில் இருந்தது. கேட்காதவனுக்கும் எடுத்துக் கொடுக்கிற வியாதி. அது பிறவியிலேயே வந்தது. டாக்டர்கள் முதலாவதற்கு மட்டும்தான் மருந்து எழுதினார்கள்.

கோயமுத்தூரிலிருந்து புனே பக்கத்து நிக்டிக்கு வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்று மாடி சொசைட்டி ஒன்றில் மேல்மாடி வீடு. கட்டடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். கணபதி பண்டிகைக்கு வர்கணி என்று நன்கொடை வசூலிக்க வந்தால் மற்றவர்கள் பேரம் பேசுவார்கள். இவர் கேட்டதற்கு மேலேயே கொடுப்பார். "பொழைக்க வந்த ஊருல நாலு பேரு நம்மள நல்லவன்னு சொல்லோணும் புள்ள" என்பார். சொன்னார்கள். "அண்ணா, அண்ணா" என்று உருகினார்கள். அண்ணா வீட்டு ஏணி, அண்ணா வீட்டு டிரில் மிஷின், அண்ணா வீட்டு மாவு கிரைண்டர் எல்லாம் கட்டடம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று நான் முணுமுணுப்பேன். இவர் சிரிப்பார்.

ரிட்டயர் ஆவதற்கு முன்பே மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது. பிறகு, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மிஷின் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மூக்கில் சின்னக் குழாய். மிஷின் நாள் முழுக்க உறுமும். கரண்ட் போனால் ஒரு கத்து கத்திவிட்டு நின்றுவிடும். அந்த வருஷங்களில்தான் மகாராஷ்டிரா முழுக்க லோட்ஷெட்டிங் தலைவிரித்து ஆடியது. காலையில் சில மணி நேரம், சாயங்காலம் சில மணி நேரம், அதற்கு மேல் சொல்லாமல் போவது தனி. அவர் உயிர் அந்த பிளக்கில் தொங்கியது. அதை மறந்து ஒரு நாழிகைகூட நான் நிம்மதியாகச் சமைத்ததில்லை.

பாணேரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த எங்கள் மகள் டீசல் ஜெனரேட்டர் வாங்கலாம் என்றாள். அந்தப் புகை இவர் நெஞ்சுக்கு ஆகுமா? வெறும் இன்வர்ட்டரும் சரிப்படவில்லை. கரண்ட் இருக்கிற நேரத்தில் பேட்டரி பாதி ஏறுவதற்குள் அடுத்த கட் வந்துவிடும். அப்போதுதான் இவர் சோலார் என்றார். அந்நாளில் சோலார் என்றால் புனேயில் வெந்நீர் போடுகிற டப்பா. கரண்ட் தருகிற பேனலைத் தேடி ஊருக்குள் அலைந்தோம். ஆட்டோவில் அவர் மடியில் கைக்குழந்தையாட்டம் ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர்.

கடைசியில் ஒரு கடைக்காரர் உள்ளேயிருந்து இரண்டு பேனல் எடுத்து வந்தார். ஒன்று நீலம், ஒன்று கருப்பு. "இதெல்லாம் கரண்ட் கம்பமே இல்லாத கிராமத்துக்கு வாங்குவாங்க சாப்" என்றார் இந்தியில். இவர் விடவில்லை. ஃபுட்பாத்துக்குக் கொண்டுவரச் சொல்லி ஒரு சின்ன ஃபேனை அதில் மாட்டச் சொன்னார். ஃபேன் சுற்றியது. பேனலின் ஒரு ஓரத்தைத் தன் உள்ளங்கையால் மறைத்தார். ஃபேன் தளர்ந்தது. இன்னொரு கையையும் வைத்தார். நின்றே போயிற்று. எத்தனையோ மாதம் கழித்து அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பைப் பார்த்தேன்.

"பாத்தியா புள்ள? துளி நிழல் பட்டாக்கூடக் கோவிச்சுக்குது. உன்னாட்டவே."

"நாங் கோவிச்சுக்கறதுக்குக் காரணம் இருக்குதுங்க. பேட்டரி இன்னொண்ணு சேத்து வாங்குங்க, போதும்."

"பேட்டரிய வெச்சு என்ன பண்ண? சட்டியில இருந்தாத்தான அகப்பைல வரும். பேனல்தான் அதிகம் வேணும்."

நீலத்தையே எடுத்தார். மொட்டைமாடியில் கிடைக்கிற இடத்துக்கு எத்தனை அடங்குமோ அத்தனை. மழைக்காலத்தில் வெயில் பாதிகூட வராது என்பதையும் சேர்த்தே யோசித்திருந்தார். "ஆனி ஆடியில மிஷினுக்கு மட்டும் தாங்கும். வேற எதையும் மாட்டக்கூடாது" என்று எனக்கும் மகளுக்கும் கண்டிப்பாகச் சொன்னார். எங்களுக்குத்தான் அந்தக் கண்டிப்பெல்லாம்.

மொட்டைமாடி பொது இடம். பேனல் வைக்க சொசைட்டி சம்மதிக்க வேண்டும். மீட்டிங்கில் சேர்மன், "டெரஸ் சக்லாஞ்சா ஆஹே, அண்ணா" என்று இழுத்தார். எல்லோருக்கும் சொந்தமானதாம், சரிதான். ஆனால் அவரே அடுத்த மூச்சில், உடம்புக்கு முடியாதவருக்கு யார் மறுப்பு சொல்வார்கள், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார். அதோடு இவர் எழுந்து வந்திருக்க வேண்டாமா? யாரும் எதுவும் கேட்கவில்லை. இவராகவே கையைத் தூக்கி, "கரண்ட் போனா மாடிப்படிக்கெல்லாம் நம்ம சோலார்லயே லைட் போட்டுத் தர்றேன்" என்று அறிவித்துவிட்டு வந்தார். கைதட்டினார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது இவருக்கு மூச்சு வாங்கியது.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"சின்ன பல்பு புள்ள. சூரியன் என்ன நம்ம ஊட்டுச் சொத்தா?"

சின்ன பல்புகளைத்தான் மாட்டினார், சி.எஃப்.எல். வெயில் காலம் முழுக்க ஒரு குறையுமில்லை. ஊரே இருண்டு கிடக்கும்போது எங்கள் மாடிப்படி மட்டும் பளிச்சென்று இருக்கும். மிஷினும் உறுமிக்கொண்டிருக்கும். அந்தச் சில மாதங்கள் நான் பயமில்லாமல் தூங்கினேன், பொய் சொல்லக் கூடாது. மழை தொடங்கியதும் அந்த பல்புகள் ஒவ்வொன்றாக ஃபியூஸ் ஆயின. கீழ் வீட்டுக்காரர்கள் கையில் கிடைத்த குண்டு பல்பை மாட்டிக்கொண்டார்கள். ஒரு குண்டு பல்பு தின்கிற கரண்டில் ஐந்து சின்ன பல்பு எரியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். ஆனால் அவர்களிடம் சொல்ல மாட்டார். ஒரு பல்புக்காகப் போய்ப் பேசினால் அற்பமாக நினைப்பார்களாம். படி விளக்கின் சுவிட்ச் எங்கள் வீட்டுக்குள் இருந்தது. நான் அணைப்பேன். குழாயை இழுத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து இவர் போடுவார்.

ஆடி மாசம். ஒரு வாரமாக வானம் மூடியே கிடந்தது. துவைத்த துணி வீடு முழுக்கக் கொடியில் நாறிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடி வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் புதன்கிழமை சாயங்காலம் சாக்கர்புடா, நம் ஊரில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பெண்ணின் அப்பா வேர்த்து விறுவிறுத்து மேலே ஓடி வந்தார். ஹாலுக்கு இரண்டு லைட், ஒரு ஃபேன், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் லைன் கிடைக்குமா அண்ணா என்றார். நான் சமையலறையில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"லே லோ பாவ், எடுத்துக்கோ! உன் பொண்ணு என் பொண்ணு இல்லையா?"

ஜன்னல் வழியாக ஒயர் இறங்கியது. இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூக்கில் குழாயோடு, எட்டிப் பார்த்து, படியேறி வருகிறவர்களையெல்லாம் "யா, யா" என்று மராட்டியில் வரவேற்றார். சொந்த மகள் விசேஷத்தில்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரோ என்னவோ. கொஞ்ச நேரம் இரண்டரை மணி நேரமாயிற்று.

"தனக்கு மிஞ்சித்தானுங்க தானமும் தர்மமும்" என்றேன், அழாத குறையாக.

"ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது புள்ள. நாளைக்கு வெயிலடிக்கும்."

அன்றிரவு கரண்ட் வந்தது, போனது, வந்தது. பேட்டரி அரைகுறையாக ஏறியது. மறுநாள் வியாழக்கிழமை. எங்கள் பக்கத்தில் ஃபேக்டரிகளுக்கு வியாழன்தான் வாரவிடுமுறை, அதனால் லைன் வேலைகளையெல்லாம் மின்சாரக்காரர்கள் அன்றைக்குத்தான் வைத்துக்கொள்வார்கள். காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். வெளியே விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டு. மதியத்துக்குள் இன்வர்ட்டர் கத்தியது. மிஷின் நின்றது.

அவசரத்துக்கென்று ஒரு பெரிய சிலிண்டர் வைத்திருந்தோம். முள் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. புதன்கிழமை மாற்றித் தருவதாகச் சொன்ன சிலிண்டர் கடைக்காரர் மழையில் வரவில்லை. வியாழன் கடை கிடையாது. மகளுக்குப் போன் போட்டேன். "ஆரஹி ஹூம்மா, நான் வரேன், அப்பாவ பாத்துக்கோ" என்று அழுதாள். பாணேரிலிருந்து வருகிற வழியெல்லாம் தண்ணீர். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். மரம் விழுந்திருக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். நான் அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே முள்ளைப் பார்த்தேன். முள்ளைப் பார்த்துக்கொண்டே வானத்தைப் பார்த்தேன். அந்த வானத்தை நான் திட்டாத திட்டு இல்லை.

சாயங்காலம் கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். காதை வாயருகே கொண்டுபோனேன்.

"படில... லைட்டப் போடு புள்ள. ஆளுக வருவாங்க."

போட்டேன். எரிந்தது! மிஷின் நின்றபிறகு சும்மா கிடந்த பேட்டரியில் கொஞ்சம் உயிர் ஊறியிருக்கிறது. அவர் மூச்சுக்குப் பற்றாத கரண்ட் அந்த குண்டு பல்புகளுக்குப் போதுமாக இருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இறக்கினார்கள். நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெண்ணின் அப்பா. இரண்டாம் மாடித் திருப்பத்தில், நேற்றைய மாவிலைத் தோரணத்துக்குக் கீழே, பல்பு நேராக அவர் முகத்தில் அடித்தது. கண் கூசவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்குக் கீழே போனபிறகுதான் தெரிந்தது.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல மனுஷர்கள்தான், அதில் பொய்யில்லை. சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை சோறு போட்டவர்கள். பெண்ணின் அப்பா என் எதிரில் தரையில் அமர்ந்து, அண்ணியைக் கூப்பிடுகிற மாதிரி வஹினி என்று கூப்பிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

"வஹினி, அன்னைக்கு அண்ணா மட்டும் லைட் கொடுக்கலைன்னா மாப்பிள்ளை வீட்டு முன்னாடி எங்க மானமே போயிருக்கும். அந்தப் புண்ணியம் அவரைக் கைவிடாது."

நிஜமாகவே அழுதார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தது, விரலில் புது மோதிரத்தோடு. சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை அதை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும். அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். படி விளக்கு அண்ணா ஞாபகமாக எப்போதும் எரியட்டும் என்று சேர்மன் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர்கள் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறி, படிக்குப் போகிற ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். மகள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் சாயங்காலம் வழக்கம் போலக் கரண்ட் போயிற்று. யாரோ படியில் சுவரைத் தடவித் தடவி ஏறி வருவது கேட்டது. எங்கள் வாசலில் நின்று, "வஹினி, லைட் கா நாஹி?" என்று ஒரு குரல், விளக்கு ஏன் இல்லையாம். கதவைத் தட்டினார்கள். உள்ளே பேட்டரி முழுக்க ஏறியிருந்தது, அன்று முழுநாளும் நல்ல வெயில். நான் அவருடைய கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறக்கவில்லை.