அப்பாவின் பாட்டும் மாமாவின் பாட்டும்

அப்பாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று டாக்டர் கேட்டபோது அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். வேறு எந்தக் கேள்வி என்றாலும் கொஞ்சம் யோசித்திருப்போம்.

அப்பாவுக்கு அவனியாபுரத்தில் லேத் பட்டறை. அந்த வாரம் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிஷின் பக்கத்தில் சரிந்துவிட்டார். மூளையின் இடது பக்கம் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு போய்விட்டது. அதையெல்லாம்விட எங்களைப் பயமுறுத்தியது அவர் கண்கள். திறந்துதான் இருந்தன. ஆனால் அம்மா முன்னால் போய் நின்றாலும், நான் போய் நின்றாலும், எங்களைத் தாண்டி எங்கேயோ பார்த்தன.

“கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறார். அதுதான் கவலையா இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போனாத்தான் எதையும் உறுதியா சொல்ல முடியும்,” என்றார் டாக்டர். “தெரிஞ்ச குரல், பிடிச்ச பாட்டு, எதாவது காதுல விழட்டும். சத்தம் மட்டும் கம்மியா வைங்க.”

புல்லாங்குழலில் ஆரம்பித்து ஒரு பெண் குரல் மெல்ல மெல்ல மேலே ஏறும் பாட்டு அது. செல்போனைத் தலையணை ஓரம் வைத்துப் போட்டேன். அப்பா அந்தப் பாட்டை முணுமுணுத்துத்தான் பல் தேய்ப்பார், பைக்கைத் துடைப்பார். சரணத்துக்கு முன்னால் வரும் வயலினுக்குக் கண்ணை மூடிக்கொள்வார். நான் அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். வயலின் வந்தது, போனது. அப்பாவின் இமைகூட ஆடவில்லை. மறுபடி போட்டேன். மறுநாளும் போட்டேன். அந்தப் பாட்டே அவர் காதுக்குள் போகவில்லை என்றால் இனி எது போகும் என்று நினைத்ததும் பாட்டை நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் மாமாவைக் கூப்பிடலாமா என்று தோன்றியது. மாமா என்றால் சொந்த மாமா இல்லை. தெற்கு மாசி வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அப்பாவின் கூட்டாளி. அவர் முஸ்லிம், நாங்கள் இந்து. ஆனால் எங்கள் ஊரில் அதற்கெல்லாம் மாமா மாப்ள முறைதான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நேராக அப்பாவின் பட்டறைக்கு வந்துவிடுவார். டீ வந்ததும் சண்டை தொடங்கும். இதுவரை வந்த பாட்டுகளிலேயே பெரிய பாட்டு எது? அப்பாவுக்கு அந்தப் புல்லாங்குழல் பாட்டு. மாமாவுக்கு உறுமியும் தவிலுமாக ஆரம்பிக்கும் வேறொரு பாட்டு. மினி பஸ், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று அது ஓடாத இடம் கிடையாது.

“ஊரே எந்திரிச்சு ஆடுது மாப்ள. அதுக்கு மேல என்ன வேணும்?” என்பார் மாமா.

“ஊரு நாளைக்கு வேற பாட்டுக்கு ஆடும்,” என்பார் அப்பா. “ஒத்தையில பைக்குல போறப்ப வாய் தானா எதைப் பாடுதோ, அதுதான்டா பெரிய பாட்டு.”

“ஒத்தையில பாடுனா அது ஒனக்கு மட்டுந்தான் பெரிய பாட்டு. ஒரே ஒரு ஓட்டு வாங்கி எவனாச்சும் ஜெயிச்சிருக்கானா?”

இந்தச் சண்டை என் கல்யாண வரவேற்பில்தான் உண்மையான சண்டை ஆனது. வில்லாபுரத்தில் ஒரு மண்டபம். கச்சேரிக்காரர்களிடம் அப்பா தன் பாட்டைச் சொல்லி வைத்திருந்தார். மாமா சும்மா இருக்காமல் தன் பாட்டையும் சொல்லிவிட்டார். அவர் பாட்டுதான் முதலில் வந்தது. மண்டபமே எழுந்து ஆடியது, என் மாமியார் உட்பட. அடுத்து அப்பாவின் பாட்டு ஆரம்பித்தபோது, பந்திக்குக் கூப்பிடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். புல்லாங்குழல் முடிவதற்குள் பாதி நாற்காலிகள் காலி.

மாமா சிரித்துக்கொண்டே, “பாத்தியா மாப்ள, ஊரு தீர்ப்பு சொல்லிருச்சு,” என்றார்.

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. சம்பந்தி வீட்டார் முன்னாலேயே, “நட்டும் போல்ட்டும் விக்கிற பயலுக்குப் பாட்டப் பத்தி என்னடா தெரியும்?” என்று கத்திவிட்டார்.

மாமா சாப்பிடாமல் கிளம்பிப் போனார். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அப்பா போல்ட் வாங்கக்கூட வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார்.

“அவரக் கூப்புடவே கூடாது,” என்றாள் அம்மா. “அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தா இவருக்கு பிரஷர் ஏறும். ஏறி எதாச்சும் ஆச்சுன்னா?”

அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று முழுக்க யோசித்தேன். மறுநாள் அவளிடம் சொல்லாமல் வராண்டாவுக்குப் போய் மாமாவுக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“படுத்து எம்புட்டு நாளாச்சு பாப்பா?” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “வாரேன்.”

மாலை பார்வையாளர் நேரம் முடியப்போகும்போதுதான் வந்து சேர்ந்தார். வழியெல்லாம் டிராஃபிக். வியர்த்துப்போயிருந்தார். அம்மா வார்டு வாசலில் எழுந்து நின்றுகொண்டாள்.

“எதுக்குண்ணே வந்தீங்க? இத்தன நாள் வராத ஆளு.”

“ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன் தங்கச்சி.”

“உள்ள போயி அவருக்கு எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?”

நர்ஸ் எட்டிப் பார்த்து, “ஒருத்தர்தான் போகலாம். சீக்கிரம் போங்க, டைம் முடியுது,” என்றாள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உதறிவிட்டாள். ஆனால் வழியை விட்டாள்.

கண்ணாடிக் கதவு வழியாக எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. மாமா கட்டில் அருகே போய் நின்றார். “மாப்ள” என்றார். அப்பா அசையவில்லை. மாமா குனிந்து பாட ஆரம்பித்தார். தன் பாட்டைத்தான் பாடுவார் என்று நினைத்தேன். கதவை லேசாகத் திறந்ததும் தெரிந்தது, அவர் பாடியது அப்பாவின் பாட்டு.

அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. மாமாவுக்குச் சாரீரம் கிடையாது. மேலே ஏற வேண்டிய இடத்தில் கீழே இறங்கினார். இரண்டாவது வரியை விட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போனார். வார்த்தை மறந்த இடத்தில் வேறு எதையோ போட்டு நிரப்பினார். நடுவில் அழுகை வேறு.

அப்பாவின் புருவம் சுருங்கியது.

முதலில் நான் நம்பவில்லை. மாமா அதே வரியை மறுபடி தப்பாகப் பாடினார். அப்பாவின் முகம் கோணியது. இடது கை படுக்கையிலிருந்து எழுந்து காற்றில், நிறுத்து என்பதுபோல ஆடியது. கண்கள் திரும்பி மாமாவின் முகத்துக்கு வந்தன. அதே நேரம் தலைமாட்டில் இருந்த மானிட்டர் கூவ ஆரம்பித்தது. நர்ஸ் ஓடி வந்தாள்.

“யாரு சார் நீங்க? முதல்ல வெளிய போங்க!”

மாமா வெளியே தள்ளப்பட்டார். அம்மா அவர் சட்டையைப் பிடிக்காத குறை. “கொன்னுட்டீங்களே அவர! கொன்னுட்டீங்களே!” திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. மாமா சுவரில் சாய்ந்து கண்ணை மூடி துவா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டது நான்தான்.

டாக்டர் வெளியே வர நேரமாயிற்று. “பிரஷர் ஏறிருச்சு. மருந்து குடுத்து இறக்கியாச்சு,” என்றார். பிறகு, “கூப்பிட்டா திரும்புறார். கையத் தூக்கச் சொன்னா தூக்குறார்,” என்றார். பாட்டுதான் காரணமா என்று கேட்டேன். சொல்ல முடியாது, தானாகவும் தெளிந்திருக்கலாம் என்றார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். வெகுநேரம் கழித்து மாமாவைப் பார்த்து, “வேணும்னேதான் தப்பாப் பாடுனீங்களா?” என்றாள்.

“இல்ல தங்கச்சி. எனக்கு அந்தப் பாட்டு சரியாத் தெரியாது. அவன் பாடிக் கேட்டதுதான்.”

மறுநாள் மாமா வந்து மறுபடி பாடினார். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா தூங்கிவிட்டார். பயிற்சி கொடுத்த பிறகுதான் பேச்சு திரும்பியது, ஒவ்வொரு சொல்லாக. அம்மாவிடம் அவர் முதலில் கேட்டது தண்ணீர்.

இப்போது அப்பா கம்பு ஊன்றி நடக்கிறார். பட்டறையை வேலைக்காரர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமைகளில் மாமா வீட்டுக்கே வருகிறார். ஆஸ்பத்திரியில் நடந்தது எதுவும் அப்பாவுக்கு நினைவில்லை. மாமா பாடியதைச் சொன்னால் நம்புவதில்லை. “இவனா? எம் பாட்டையா?” என்று திக்கித் திக்கிக் கேட்கிறார்.

அம்மாவுக்குத்தான் அந்தப் பாட்டு ஆகாமல் போய்விட்டது. கேட்டால் அந்த மானிட்டர் கூவியதுதான் ஞாபகம் வருகிறது என்கிறாள். போன மாதம் ஆனையூரில் இருக்கும் என் வீட்டுக்கு வருவதற்காக அவளும் நானும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். டிரைவர் வைத்திருந்த எஃப்.எம்.மில் புல்லாங்குழல் ஆரம்பித்தது. அம்மா என் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

“தம்பி, வேற பாட்டு வைங்க,” என்றாள்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “நல்ல பாட்டும்மா. எங்க வீட்ல எல்லாருக்கும் இதுதான் பிடிக்கும்.”

“நல்ல பாட்டுத்தான்,” என்றாள் அம்மா. “மாத்துங்க.”