நேராகக் குத்திய பதின்மூன்று

பதின்மூன்று என்ற எண் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது? யோசித்துச் சொல்லுங்கள். அதற்குள் வேர்லெ, வண்டிக்குப் பின்னால், முதுகைக் கணவர் வானெஸிடம் காட்டிக்கொண்டு நிற்கிறார். வாயில் நான்கு ஊக்குகள். வானெஸ் ஒவ்வொன்றாக உருவி எண்ணைச் சட்டையில் குத்துகிறார்.

"நேரா இருக்கா?" என்று ஊக்குகளுக்கு இடையிலிருந்து கேள்வி வருகிறது.

"நேராத்தான் இருக்கு."

"நெசமாவா? இல்ல, உங்கம்மா பயந்துக்குவாங்கன்னு சாய்ச்சு வச்சிருக்கியா?"

பெல்ஜியத்தில், நான் குடியேறிய எங்கள் ஃபிளாண்டர்ஸ் பக்கத்துச் சைக்கிள் பந்தயக்காரர்கள், பதின்மூன்று கிடைத்தால் அதைத் தலைகீழாகக் குத்திக்கொள்வார்கள். எண்ணில் இருக்கும் கெட்டது தலைகுப்புறக் கொட்டிப்போய்விடுமாம். இராகுகாலம் கழித்துப் பெண் பார்க்கப் புறப்படும் நம்மவர்கள் சிரிக்க வேண்டாம்.

வேர்லெக்கு முப்பத்தாறு வயது. சேற்றுச் சைக்கிள் பந்தயத்தில் ஐந்து முறை நாட்டுச் சாம்பியன், ஒரு முறை உலகச் சாம்பியன். ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் அப்பாவின் லீக்ஸ் என்ற பெரிய வெங்காயத்தாள் வயலில்தான் இருப்பார். மழையில் ஊறிய மண்ணிலிருந்து பிடுங்கிப் பெட்டியில் அடுக்கி, வலது தோளில் ஏற்றிக்கொண்டு வரப்போடு ஓடுவார். பந்தயத்தில் சக்கரம் புதைந்து மற்றவர்கள் தள்ளாடும் இடத்தில், சைக்கிளை அதே தோளில் போட்டுக்கொண்டு அதே ஓட்டம். அந்தத் தோள் காய்த்துப்போயிருக்கிறது. பியர் பெட்டி, மாவு மூட்டை, அக்காள் மகள் என்று எதைத் தூக்கினாலும் அங்கேதான் உட்கார வைப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஏன் வரவில்லை என்று பாதிரியார் கேட்டபோது, "மண்டி போடுறதெல்லாம் சேத்துலேயே போட்டுடறேன், சாமி" என்றார்.

பதினாறு வயதில் முதல் பந்தயத்துக்குப் போனபோது, யாரும் தொடாமல் மேசையில் கிடந்தது பதின்மூன்று. எடுத்து நேராகக் குத்திக்கொண்டார், ஜெயித்தார். பட்டங்கள் வந்த பிறகும், உள்ளூர்ப் பந்தயங்களில் சாம்பியனுக்குத் தரும் ஒன்றாம் எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பதின்மூன்றைக் கேட்டு வாங்குகிறார். அது அவருடைய ராசி எண் என்று ஒரு நிருபர் எழுதினார். வேர்லெக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "அது ஜெயிக்க வச்சுதுன்னு சொன்னா, அது தோக்க வைக்கும்னு சொல்றவங்க கட்சியிலதானே நானும் சேர்ந்துட்டேன்?"

மூன்று வருடங்களுக்கு முன், எங்கள் ஊர் வெல்டெகெம் பந்தயத்தில், நான்காவது சுற்றில் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. எங்கள் ஆதரவாளர் சங்கத்தின் தலைவி ஓடெட், தன் காபிக்கடையில் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார். "தலகீழா குத்துடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாளா?"

மறுநாள் கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வேர்லெயே கடைக்கு வந்தார்.

"வானெஸ், எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு. நேத்து குழாயில தண்ணி வந்துச்சா?"

"சொட்டுகூட வரல."

ஒவ்வொருவருக்கும் இரண்டு சைக்கிள். சேறு அடைத்ததைக் கொடுத்துவிட்டுச் சுத்தமானதில் ஏற வேண்டும். அடுத்த சுற்றுக்குள் உதவியாளர் மற்றதைக் குழாய்த் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி வைக்க வேண்டும். ஆண்கள் பந்தயம் மதியம். அப்போதுதான் பம்பைப் போடுவார்கள். காலையில் ஓட்டும் பெண்களுக்கு வாளியும் குச்சியும். அன்று இரண்டு சைக்கிளுமே சேற்றில் உறைந்தன, சக்கரம் இறுகியது, விழுந்தார். பழியோ பதின்மூன்றுக்கு! இதில் யாருக்கு லாபம்? பம்பைப் போடாத பந்தயக் குழுவுக்கு. எண்ணைத் திட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனால், குழுவை யார் கேட்பார்கள்?

அடுத்த ஆண்டு கேட்டார்கள். புறப்படும் கோட்டில் விசில் ஒலித்தது. பதின்மூன்றாம் எண் அசையவில்லை. பின்னாலிருந்த முப்பது பெண்களும் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றார்கள். குழுத் தலைவர் போர்ட்மன்ஸ் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? விசில் காதுல விழலையா?"

"விசில் நல்லாவே கேட்டுச்சு, தலைவரே. பம்புச் சத்தம்தான் கேக்கல."

"அதை மத்தியானம் போடுவோம்ல."

"அப்ப நாங்களும் மத்தியானமே கெளம்புறோம்."

கம்பி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஓடெட்டின் குரல் வந்தது: "யோவ் போர்ட்மன்ஸ், பம்பைப் போடுய்யா! இல்லேன்னா ஈஸ்டர் வரைக்கும் என் கடையில உனக்குப் பியர் கெடையாது!"

நான்கே நிமிடத்தில் பம்பு உறுமியது. அன்று வேர்லெ இரண்டாவதாக வந்தார். ஓடெட்டுக்கு வாய் சும்மா இருக்குமா? "பாத்தியா, பதிமூணு..."

"மொதல்ல வந்த பொண்ணு என்னைவிட வேகமா ஓட்டினா, ஓடெட். அதுக்கும் ஒரு நம்பர் வேணுமா?"

அன்றிலிருந்து எந்தப் பந்தயத்துக்குப் போனாலும், எண்ணைக் குத்தியதும் முதல் வேலையாகப் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீரில் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பார். பிறகு வானெஸ் முகத்தில் கொஞ்சம் தெளிப்பார். அவரும் தவறாமல் திட்டுவார்.

இன்று, இதே வெல்டெகெமில், வேர்லெயின் கடைசிப் பந்தயம். அடுத்த ஆண்டு பெண்கள் ஓட்டும்போது இந்தப் பம்பு ஓடுமா? இரண்டு வாரமாக அவரை அரிக்கும் கேள்வி இதுதான். ஜெயிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி ஊக்கையும் வானெஸ் குத்தி முடித்ததும், வழக்கம்போலக் குழாயை நோக்கி நடக்கிறார்.

அங்கே அவருக்கு முன்பே ஓடெட் நிற்கிறார்.

"பதிமூணுன்னா எனக்கு இன்னமும் பயந்தான்டி. ஆனா தண்ணிய இனி நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு, வேர்லெயின் முதுகைப் பார்த்து அவசரமாக ஒரு சிலுவை போட்டுக்கொள்கிறார். பிறகு குழாயைத் திறந்து உள்ளங்கையை நீட்டுகிறார். தண்ணீர் அறைகிறது.

உங்கள் ஊரிலும் ஒருத்தி விழுவாள். எண், நேரம், ராசி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தயவுசெய்து, நீங்கள் முதலில் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள்.