காதுக்கு வைத்த பந்தயம்

"இங்கிலீஷ் நல்லா வாசிப்பியாம்மா?" என்று கேட்டார் ஜனகராஜ்.

மருமகளாக வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. பிருந்தா தலையாட்டினாள்.

"அப்ப இந்தக் குதிரைப் பேரையெல்லாம் வரிசையா வாசி, பாப்போம்." போனை நீட்டினார்.

வாசித்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

மறுபடி வாசித்தாள்.

"இம்புட்டுதான் தொண்டையா?"

மூன்றாம் முறை அவள் கத்திய கத்தலில் அடுத்த வீட்டுச் சீதாராமன் சார் மதில் மேல் தலையை நீட்டி, "அந்த நாலாவதை இன்னொரு தடவை சொல்லும்மா, அது ஜெயிக்கும்னு எனக்கே படுது," என்றார்.

பெண் பார்க்க வந்தபோது நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள் அவள். கே.கே. நகர் வீட்டு வாசலில் நின்று குதிரைப் பெயர் கூவுவாள் என்று யார் கண்டார்கள்?

ஜனகராஜ் ஜவுளிக்கடையில் விற்பனை பார்த்து ஓய்ந்தவர். காசு வைத்து ஆடுவதைக் கல்யாணத்தோடு விட்டுவிட்டார். குதிரையை விடவில்லை. இங்கிலீஷ் எழுத்து அவருக்கு ஓடாது. பந்தய வர்ணனை மட்டும் கேட்டுக் கேட்டுத் தண்ணீர்பட்ட பாடு. பெங்களூரில் ஓடும் பந்தயத்தை டிவியில் வைத்துக்கொண்டு, மனைவி லலிதாம்பாளுடன் பந்தயம் கட்டுவார். யார் குதிரை பிந்துகிறதோ அவர் பொறுப்பில் ராத்திரிச் சமையல். ஜனகராஜ், குதிரையின் பழைய ஓட்டம், சுமக்கும் எடை எல்லாம் பார்ப்பார். லலிதாம்பாள் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் பட்டறைக்காரர் மகள். குதிரை ஓட்டும் ஜாக்கி போட்டிருக்கும் சட்டையின் நிறத்தைத்தான் பார்ப்பார். அதன் பலன், ஜனகராஜ் இப்போது அருமையாக அடை வார்ப்பார்.

வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். குதிரை என்று வந்துவிட்டால் இருவரும் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். வம்பிழுக்க அதுதான் தோதாம்.

போன வைகாசியில் ஒரு நாள் லலிதாம்பாள் பந்தயத்தை மாற்றினார். "இன்னைக்குச் சமையல் வேணாம். நான் ஜெயிச்சா நாளைக்கே காது டாக்டர்கிட்ட வரணும். மெஷின் வைக்கணும்."

"நான் ஜெயிச்சா?"

"காதுங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்."

ஒரு வருஷ நச்சரிப்பு ஒரே ஓட்டத்தில் ஒழியும். மெஷின் மாட்டினால், வேலை பார்த்த கடைப் பையன்கள் கிழவன் என்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தவர், "சரி" என்று ஒத்துக்கொண்டார்.

வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. காய்ந்து இறுகிய தரையில் பறக்கும் என்று பேர் வாங்கிய டெசர்ட் கிங்கை எடுத்தார். லலிதாம்பாளுக்குக் கத்திரிப்பூ நிறச் சட்டை பிடித்துப்போயிற்று.

"மாமா, அங்க காலைல மழையாம். தரை சொதசொதன்னு இருக்காம்," என்றாள் டிவியைக் கேட்டுக்கொண்டிருந்த பிருந்தா.

ஜனகராஜ் பலமாகத் தலையாட்டினார்.

டெசர்ட் கிங் சேற்றில் மிதித்து மிதித்து, கடைசிக்கு ஒன்று முன்னால் வந்தது. கத்திரிப்பூச் சட்டை எல்லாரையும் முந்திவிட்டது.

"சேத்துல முங்கியும் சாயம் போகல, பாத்தீகளா!" என்று லலிதாம்பாள் காபி போடப் போனார்.

சாயங்காலக் காபியோடு விசாரணை நடப்பது அந்த வீட்டு வழக்கம். தோற்ற குதிரைக்கெல்லாம் ஜனகராஜ்தான் வக்கீல். ஜாக்கி இழுத்துப் பிடித்திருப்பான், இல்லை வளைவில் எவனாவது இடித்திருப்பான். அன்றைக்கு வழக்குப் பெரிது. "எனக்குச் சந்தேகமாருக்கு. திரும்பப் பாக்காம டாக்டர்ட்ட வர முடியாது!"

பிருந்தா தன் ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, சத்தத்தை முழுக்க ஏற்றி, பந்தயத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

குதிரைகள் கிளம்புவதற்கு முன்பே அவர் முகம் மாறியது. ஹெட்போனைக் கழற்றினார்.

"மழை, ஈரத்தரைங்கிறானே வர்ணனைக்காரன். மத்தியானமே சொன்னானா?"

"சொன்னான் மாமா!" பிருந்தா குரலை உயர்த்தினாள்.

"நீ கேட்டியா?"

"கேட்டு உங்ககிட்டயும் சொன்னேன்."

"நான் என்ன செஞ்சேன்?"

"நல்லாத் தலையாட்டுனீங்க."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்னங்க தீர்ப்பு?" அடுப்படியிலிருந்து லலிதாம்பாள் உரக்கக் கத்தினார்.

"குதிரை நிரபராதி! நாளைக்கு எத்தனை மணிக்குக் கெளம்பணும்?"

லலிதாம்பாள் பதில் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் பிருந்தாவைக் கிட்டே வரச்சொல்லி, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"நாளைக்கு நீயும் வாம்மா. மெஷினை மாட்டுனதும் மொத ஆளா நீதான் பேசணும். நீ இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து உன் கத்தலைத்தான் கேட்டிருக்கேன், குரலைக் கேக்கல. என்ன பேசன்னு யோசிக்காத, குதிரைப் பேரையே வாசி. மெதுவா வாசிம்மா."