கட்டைகளில் ஒட்டிய மருந்து

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் கட்டுரை எழுத உட்காருவது அதிகப்படிதான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் கையில் தேங்காய் எண்ணெய் வாசனையும் அதற்கடியில் கந்தக நெடியும் எப்போதும் இருக்கும். எங்கள் தாயில்பட்டியில் ‘மருந்து’ என்றால் பட்டாசுக்குள் அடைப்பது. அலுமினியப் பவுடர் கலந்த அந்த மருந்து, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ரேகைகளை விட்டுப் போகாமல் சாம்பலாக மினுங்கும்.

ஐந்தாம் வகுப்பில், பாட்டு டீச்சரின் கீபோர்டில் ஒரு பாட்டை முழுதாக வாசிக்கப் பழகியிருந்தேன். பள்ளி நேரமெல்லாம் பட்டாசுக் கம்பெனியில் இருந்த அம்மா அதைக் கேட்டதே இல்லை. சிவகாசியில் ஒரு கடையில் யார் வேண்டுமானாலும் வாசித்துப் பார்க்கலாமாம் என்று நான் நச்சரித்ததில், ஒரு சனிக்கிழமை கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக என்னை பஸ்ஸில் கூட்டிப் போனாள். பஸ் முழுக்க வேர்வையும் நெரிசலும். இறங்கிய பிறகும் லாரிகளுக்குப் பயந்து கடைவாசல் வரை என் கையை விடவில்லை.

கடையில் நான்கைந்து கீபோர்டுகளை வரிசையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் வாசித்தேன். இரண்டாவது வரி முடிவதற்குள் கடைக்கார அண்ணாச்சி எழுந்து வந்துவிட்டார். வெள்ளைக் கட்டைகளில் எல்லாம் சாம்பல் தடங்கள்; அவர் துடைக்கத் துடைக்க அவை இழுபட்டு இடுக்குகளுக்குள் இறங்கின.

“என்னம்மா, மருந்துக் கையோட வந்து தொடுறீக? இதை இனி எவன் புதுசுன்னு வாங்குவான்?”

“நான் தொடவே இல்ல அண்ணாச்சி,” என்ற அம்மா, என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் அதே சாம்பல் மினுக்கம்.

பிள்ளை நன்றாகத்தான் வாசிக்கிறது என்றும் அண்ணாச்சி சொன்னார். சொல்லிக்கொண்டே மற்றக் கீபோர்டுகளின் மேல் துணியை இழுத்து மூடினார். பாட்டின் மீதியை நான் வாசிக்கவே இல்லை. திரும்பும்போது சாலையைக் கடக்க நான் கையை நீட்டினேன். “சேலையப் புடிச்சுக்க,” என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்ததாக நினைவில்லை.

எந்த ஊர் வாத்தியக் கடையிலும் கீபோர்டுகள் பெட்டிக்குள்ளேயே இருப்பதைப் பார்த்தால், எங்களைப் போன்றவர்களால்தான் என்று உள்ளுக்குள் கூசிப்போவேன்.

சிவகாசிக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். நான் விருதுநகரில் குடியிருக்கிறேன். போன மாதம் மகளுக்குக் கீபோர்டு பார்க்க அவளோடு இங்குள்ள ஒரு கடைக்குப் போனேன். வாசித்துப் பார்க்க வைத்திருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள். வெகுநேரம் தயங்கிவிட்டு ஏன் என்று கேட்டேன்.

“எல்லாரும் இங்கன வாசிச்சுப் பாத்துட்டு போன்ல ஆர்டர் போட்டுருதாகக்கா. தட்டித் தட்டிக் கட்டை லூசானா, அப்புறம் அதை யாரு வாங்குவாக?” என்றான் கடைக்காரத் தம்பி.

மருந்தைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கம்பெனி வேலையை விட்டுப் பல வருடமாகிறது. கைகளும் எல்லோருடைய கைகளையும் போலத்தான் இருக்கின்றன. முழுவதையும் கேட்டுவிட்டு, “புள்ளைய வாசிக்க விட்டானா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அம்மாவும் எங்களோடு கடைக்கு வந்தாள். பேத்தி ஒரு பாட்டை முழுதாக வாசித்தாள். அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள்.