கேபிளைப் பிடுங்கியும் விழுந்த எடை

"பெட்டி எடை கொறையுதுன்னா சரக்கு எங்க போச்சு? நடந்து போச்சா?"

"தராசுல சரியாத்தான் காட்டுச்சு அண்ணாச்சி."

"அப்ப கம்ப்யூட்டர் களவாங்குதாக்கும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பட்டாசுக் கம்பெனி வாசலில் வைத்து, பெட்டி எடை போடும் முத்துலட்சுமியக்காவை முதலாளி வேலையை விட்டுப் போகச் சொன்னார். யுபிஎஸ் ரிப்பேர் பார்க்க வந்த நான் சைக்கிளோடு நின்றிருந்தேன். வெம்பக்கோட்டைப் பக்கம், தீபாவளி சீசன்.

பேக்கிங் ஷெட்டில் கம்ப்யூட்டர் வைக்க முடியாது. ஒரு பொறி போதும். ஷெட்டில் பேட்டரித் தராசு மட்டும் இருக்கும். அக்கா பெட்டியை அதில் வைத்துக் குரல் கொடுப்பார். தள்ளியிருக்கும் ரூமில் கிளார்க் ஒரு கீயைத் தட்டுவார், எடை கேபிள் வழியாக வந்து திரையில் விழும். அக்காவுக்குத் திரை தெரியாது. கிளார்க்குக்குத் தராசு தெரியாது. புதுக் கம்ப்யூட்டரில் அந்தக் கேபிளைச் செருகும் சீரியல் போர்ட் இல்லை. அதனால் தராசின் சீரியல் கேபிளை யுஎஸ்பிக்கு மாற்ற நடுவில் ஒரு பெட்டி.

அதை முதலில் செய்து கொடுத்தவன் நான். எட்டாவதோடு படிப்பை விட்டவன், அதோடு பயந்தவன். கனெக்டர் திருகை முடுக்கினோமா என்று வீட்டுக்கு வந்தும் புரண்டுகொண்டிருப்பேன். அந்தப் பயத்தில்தான், எடை முழுசாக வந்து சேராவிட்டால் திரையில் எடைக் கட்டம் காலியாக நிற்கும்படி வைத்திருந்தேன். காலியானால் மறுபடி தட்ட வேண்டும். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"கட்டம் காலியாக் கெடந்தா லோடு நிக்குது. ஏதாவது ஒரு நம்பர் வரணும்ப்பா."

"தப்பு நம்பர் வந்துரும் அண்ணாச்சி."

"ஒனக்கு எல்லாத்துக்கும் பயம். தீபாவளிக்காவது வெடி போடுவியா, காதப் பொத்திக்கிட்டு உள்ள போயிருவியா?"

என் பெட்டியைக் கழற்றிவிட்டு, வேறொருவர் செய்ததை மாட்டினார். அதில் கட்டம் காலியானதே இல்லை.

அக்கா போன பிறகு ரூமுக்குள் போய்த் திரையைப் பார்த்தேன். ஒரு சக்கரப் பெட்டி, அடுத்து ஒரு பூச்சட்டிப் பெட்டி. பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், கனமான சரக்கு. இரண்டுக்கும் ஒரே எடை, ஒரு கிராம் மாறவில்லை. தராசிலிருந்து வரும் கேபிளை அந்த நடுப் பெட்டியிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டேன். கிளார்க்கைத் தட்டச் சொன்னேன். எடை விழுந்தது. மறுபடி தட்டினார், மறுபடி அதே எடை. லைன் விட்டுப்போனால் பழைய எடையையே அந்தப் பெட்டி திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது.

முதலாளியைக் கூட்டி வந்து காட்டினேன். அவரே கீயை ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"சரி, ஓம் பெட்டியவே மாட்டு."

"அக்காவக் கூப்பிட்டு..."

"போகச் சொன்னவளத் திரும்பக் கூப்பிட்டா மத்தவளுக என்னய மதிப்பாளுகளா? நீ வயரப் பாரு."

வயரைப் பார்த்தேன். சீசன் முடிந்து சாத்தூர் பஸ்ஸில் அக்காவைப் பார்த்தேன்.

"எல்லாம் அந்தப் பெட்டிக் கோளாறுக்கா. அன்னைக்கே மொதலாளிட்ட காட்டிட்டேன்."

"ரூமுக்குள்ள வச்சுல்ல காட்டுனீக தம்பி. என்னய வாசல்ல வச்சுல்ல கள்ளின்னாரு. தீப்பெட்டி ஆபீசுல வேல கேட்டுப் போனாலும், அங்கனயும் மொதல்ல அதத்தான் கேக்குறாக."

ஊர் வந்ததும் அவர் இறங்கிப் போனார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எண் சந்தேகமாக இருந்தால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். முதலாளி கத்துவார். அந்த ஏச்சைப் பெட்டி செய்தவன்தான் நின்று வாங்க வேண்டும். நாம் வாங்காவிட்டால், திரையையே பார்க்காத ஒருத்தர் வாசலில் நின்று வாங்குவார்.