நல்ல சேதி மட்டும்

முதலில் வியாதி வந்தது எனக்குத்தான். போன் அடித்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கை நடுக்கத்தில் சோற்றுப் பானையை இறக்க முடியாது. ஜெயங்கொண்டத்தில் பார்த்த டாக்டர் இது பதற்ற நோய் (காரணமில்லாமலே உடம்பு ஆபத்துக்குத் தயாராகிக் கிடப்பது) என்றார். காரணமில்லாமலாம்! என் வீட்டுக்காரர் மலேசியாவில் விசா முடிந்தும் ஒளிந்து வேலை பார்க்கிறார் என்பதை டாக்டரிடம் நான் சொல்லவில்லை. சுற்றுலா விசாவில் ஏற்றிவிட்டு ஓட்டல் வேலை என்று புளுகிய ஏஜென்ட் மட்டும் ஊரில் கௌரவமாகத் திரிகிறான்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் போயிருந்தால் இதைப் படியுங்கள். என் மாத்திரையைப் பற்றி எழுத வரவில்லை. என் பிள்ளையைப் பற்றி எழுத வந்தேன்.

ஜெனிக்கு எட்டு வயது. ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டோம். மனசு கேட்காமல் பணம் அனுப்ப டவுனுக்குக் கிளம்பியவர் போலீஸ் சோதனையில் மாட்டப் பார்த்தார். விடியும்வரை செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள் படுத்துக் கிடந்தாராம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம், அப்பாவிடம் நல்ல சேதி மட்டும்தான் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளுக்கு இது புதிதா என்ன? சாவைக்கூட அடக்கம் முடிந்த பிறகு சொல்கிறவர்கள்தானே நாம்.

வீடியோ போனில் அவள் முகம் கோணினால், அவர் கண்ணுக்குப் படாமல் தொடையில் கிள்ளுவேன். சத்தம் வராமல் வலி பொறுக்கப் பழகிக்கொண்டாள். சமர்த்துப் பிள்ளை என்று என் மாமியார் மெச்சிக்கொண்டார்.

அவர் ஞாயிறுதோறும்தான் கூப்பிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் வந்ததும் கூப்பிட்டார். முந்தின நாளே ஜெனி சரியாகச் சாப்பிடவில்லை. ஓமத்தண்ணீர் கொடுத்திருந்தேன்.

“தங்கம், சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்ப்பா. கறிக்கொழம்பு. நீங்க சாப்ட்டீங்களா?”

அன்று எங்கள் வீட்டில் கறியே எடுக்கவில்லை. போனை வைத்ததும் சுருண்டு விழுந்து வாந்தி எடுத்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது.

அரியலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் வலது அடிவயிற்றை அமுக்கிக் கையை எடுத்தார். ஜெனியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. உதடு சிரித்தது.

“வலிக்குதா பாப்பா?”

“இல்லைங்க. நல்லாருக்கேன்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “இந்த வலிக்குப் பெரிய ஆளே கத்துவாங்க. உங்க பொண்ணு ஏம்மா சிரிக்குது?”

நான்தான் பழக்கினேன் என்று எப்படிச் சொல்வேன்?

குடல்வால் அழற்சி (பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் சிறு குழாய் வீங்கிச் சீழ் பிடிப்பது). அது வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்தது. உடனே அறுக்க வேண்டும், உயிருக்கு இப்போது உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். என் கை நடுங்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன நடுக்கமெல்லாம் போனுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

பிழைத்துக்கொண்டாள். வயிற்றில் குழாயோடு படுத்திருந்தபோது அவர் கூப்பிட்டார். “சொல்லித் தொலைச்சிடாதடி, எம்புள்ளை போலீஸ்ல மாட்டிக்குவான்” என்று மாமியார் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டுச் சொன்னேன். “எங்கிட்ட சிரிச்சாளேடி” என்று அழுதார். சரணடைந்து வந்துவிடுகிறேன் என்றார். இன்னும் வரவில்லை.

தையல் பிரித்த அன்று டாக்டரம்மா வயிற்றைத் தொட்டு, வலிக்கிறதா என்று கேட்டார். ஜெனி அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, வலிக்குதுன்னு சொல்லலாமா?”

எனக்கு மாத்திரை இன்னும் நிற்கவில்லை. முன்பெல்லாம் ஞாயிறுக்கு ஞாயிறுதான் எனக்கு வாரம் நகரும். இப்போது கிழமையே நினைவிருப்பதில்லை, ஜெனியின் முகம்தான் நினைவிருக்கிறது. அவள் அழுதால் நிம்மதியாக இருக்கிறது. சிரித்தால், சட்டையைத் தூக்கி வயிற்றை அமுக்கிப் பார்க்கிறேன்.