தோளில் மாட்டிப் பார்த்த லேப்டாப்

போன வருடம் ஆடி மாதம். காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த ஒரு மதியம், ஸ்ரீரங்கத்திலிருந்து நானும் மகளும் தில்லைநகருக்கு லேப்டாப் வாங்கக் கிளம்பினோம். துவாக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் கிடைத்திருந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் ஒரு பகல்கனவுக்காரி. ஜன்னல் சீட் கிடைத்தால் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விடுவேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போய் மேகம் பார்ப்பேன். பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டிய நாளும் உண்டு. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அதனால் வீட்டில் என்னைக் கட்டி மேய்ப்பது மகள்தான். ஹாஸ்டல் பேச்சை எடுத்தால் மட்டும், "பாக்கலாம்மா" என்று நழுவிக்கொண்டிருந்தாள். ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பயப்படுகிறாள் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்றும் காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, தண்ணீரைப் பார்த்தபடியே எங்கோ மிதந்துவிட்டேன். ஸ்டாப் வந்ததும் அவள்தான் கையைப் பிடித்து இறக்கினாள்.

கடையில் வரிசையாக லேப்டாப்களைத் திறந்து வைத்திருந்தார்கள். எல்லாத் திரையிலும் ஒரே ஏரி, ஒரே நீல மலை. எனக்குச் சொல்ல வேண்டுமா? மனசு அந்த ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்துவிட்டது. விற்பனைப் பெண் பேசியது அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது.

"மெக்கானிக்கல்னா மெஷின் டிராயிங்கெல்லாம் இதுலதான் போடணும்ங்க. கிராஃபிக்ஸ் கார்டு இருக்கறதா எடுங்க. கொஞ்சம் கனம்தான், ஆனா படிப்பு முடியற வரைக்கும் தாங்கும்."

மகள் அதை ஆசையாகத் தொட்டாள். திரையில் ஒரு பல்சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது அவள் கண்கள் விரிந்தன. ஆனாலும் அதை மூடிவிட்டு, "வெயிட் கம்மியா இருக்கறதக் காட்டுங்க" என்றாள்.

கொண்டுவந்திருந்த பையில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தோளில் மாட்டிப் பார்த்தாள். ஒல்லியான ஒன்றை மாட்டியவள், என்ன நினைத்தாளோ, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, எதையோ பிடித்திருப்பதுபோல் விரல்களை மடக்கினாள். காலை அகட்டி நின்று, லேசாக முன்னும் பின்னும் ஆடினாள்.

கடையின் நடுவே என் பெண் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள்.

ஏரியும் மலையும் எங்கே போயினவோ! ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கே பஸ் மாறித் துவாக்குடி. காலையும் மாலையும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. இவள் ஹாஸ்டலுக்குப் போவதாகவே இல்லை. எதற்காக என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்குக் காவல் இருப்பதற்காக, படிப்புக்கு வேண்டியதை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குத் தோதானதைத் தேடுகிறாள்.

"அந்தக் கனமானதையே பில் போடுங்க" என்றேன்.

"அம்மா, அதப் போய் தெனமும் தூக்கிக்கிட்டு..."

"யாரு தூக்கச் சொன்னா? ஹாஸ்டல் மேஜை மேலதானே இருக்கப் போவுது."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்லக் கேட்டாள்: "பால வெச்சுட்டு மறந்துடுவியேம்மா?"

"பொங்கினா தொடச்சுக்கறேன், போடி."

விற்பனைப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் சிரித்தாள். கலங்கிய கண்ணை மறைக்க, அந்தக் கனமான லேப்டாப்பைத் திறந்து மறுபடியும் சக்கரத்தைச் சுழற்றினாள்.

திரும்பும்போது பெட்டி என் மடியில் இருந்தது. நல்ல கனம். பாலத்தின் கீழே தண்ணீர் சாயங்கால வெயிலில் மின்னிக்கொண்டு போயிற்று. அன்று நான் அதிகம் வெளியே பார்க்கவில்லை. என் மேல் சாய்ந்து தூங்கிப்போன அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்டாப் வந்ததும் நான்தான் அவளை எழுப்பினேன்.

அவள் ஹாஸ்டலுக்குப் போய் ஒரு வருடமாகப் போகிறது. கனவு காண்பதை நான் விட்டுவிடவில்லை. பால் வைத்தால் மட்டும், பொங்கும்வரை நகராமல் நின்றபடியே காண்கிறேன். அடுப்பருகே நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான், என் மகளின் தோளிலிருந்து நான் இறங்கி நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது.